60-ம் 80-ம் 140 இல்ல: வயர், காயில் காந்தப்புலத்தைக் கூட்டுற முறை

போன மாசம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்கு மோட்டார் பார்க்கப் போயிருந்தோம். கடைல புதுசா சேர்ந்த தம்பி கிளாம்ப் மீட்டரை எடுத்து, மோட்டாருக்குப் போற ரெண்டு வயரையும் சேர்த்து ஒரே கவ்வா கவ்விட்டு, "அண்ணே மீட்டர் போச்சு, மோட்டார் ஓடுது, ஆம்பியர் சைபர் காட்டுது"ன்னான். மீட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் ஒரே அளவு, எதிரெதிர் திசை, அதனால கவ்வுக்குள்ள ஒண்ணோட காந்தப்புலத்தை இன்னொண்ணு அடிச்சிருச்சு. ஒரு வயரை மட்டும் பிரிச்சு கவ்வுனதும் 5 சொச்சம் காட்டுச்சு. வீட்டு போர்டுல இருக்குற ஆர்சிசிபி-யும் இதே வேலையத்தான் பார்க்குது, ரெண்டு வயரும் ஒரே வளையத்துக்குள்ள போகும், ரெண்டும் அடிச்சு சைபர் ஆகுற வரைக்கும் சும்மா இருக்கும், எங்கயாவது 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சு கணக்கு இடிச்சா டக்குன்னு கட் பண்ணிடும்.

அன்னிக்கு சாயந்தரமே எங்க அக்கா மக நோட்டைத் தூக்கிட்டு வந்துச்சு, பிளஸ் டூ படிக்குது. "மாமா, ஒரு புள்ளில ஒரு வயர் 60 மைக்ரோ டெஸ்லா காந்தப்புலம் தருது, இன்னொண்ணு 80 தருது, கூட்டுனா 140 தானே, இதுல 100-ன்னு போட்டிருக்கு, புக்கு தப்பா?"

புக்கு சரி. காலைல அந்தத் தம்பி மாட்டுன இடத்துலயே தான் இதுவும் மாட்டுச்சு. காந்தப்புலம் அரிசி மூட்டை இல்ல, தூக்கி வச்சு எடையைக் கூட்டுறதுக்கு. அதுக்கு திசை இருக்கு. கணக்கு எப்பவும் திசைல தான் கெடும், எண்ணுல ரொம்பக் கம்மி. அதனால நான் சொல்ற முறைல முதல்ல படம், அம்புக்குறி எல்லாம் போட்டு முடிக்கணும், அதுக்கப்புறம் தான் கால்குலேட்டரைத் தொடணும்.

முதல்ல கை. சோத்துக்கை மட்டும் தான். இதைச் சொன்னா சிரிப்பாங்க, ஆனா பரீட்சைல வலது கை பேனாவைப் புடிச்சிருக்கும், அதைக் கீழ வைக்க சோம்பல்பட்டு சும்மா இருக்குற பீச்சாங்கையை நீட்டிப் பார்ப்பாங்க, எல்லா அம்பும் தலைகீழாப் போயிரும். எங்க அக்கா மகளும் அப்படித்தான் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. பேனாவை வச்சிட்டுப் பாருங்க.

நேர் வயருக்கு கட்டைவிரல் கரண்ட் போற பக்கம், மத்த நாலு விரலும் மடங்குற பக்கம் புலம் சுத்தும். வட்டக் காயிலுக்கு அப்படியே உல்டா, நாலு விரலும் கரண்ட் சுத்துற பக்கம், கட்டைவிரல் நடுவுல புலம் போற பக்கம். காகிதத்துலேர்ந்து நம்மளைப் பார்த்து வர்ற கரண்டுக்கு புள்ளி வைக்கணும், உள்ள போறதுக்கு பெருக்கல் குறி. அம்போட மூக்கு வந்தா புள்ளியாத் தெரியும், வால் சிறகு போனா பெருக்கல் குறியாத் தெரியும், அவ்வளவு தான் அதுல விஷயம்.

இப்ப எண்ணுக்கு வருவோம். புக்குல மியூ நாட்-ன்னு ஒரு மாறிலி வரும், 4 பை பெருக்கல் 10-ன் அடுக்கு மைனஸ் 7. நீளமான நேர் வயருக்கு, மியூ நாட் × கரண்ட் ÷ (2 × பை × தூரம்). வட்டக் காயிலோட மையத்துல, மியூ நாட் × சுத்து × கரண்ட் ÷ (2 × ஆரம்). பரீட்சைல இப்படித்தான் எழுதணும், தூரத்தை மீட்டர்லயும் புலத்தை டெஸ்லாலயும். ஆனா சரி பார்க்குறதுக்கு நான் வேற மாதிரி வச்சிருக்கேன். தூரத்தை சென்டிமீட்டர்லயே வச்சுக்கிட்டு விடையை மைக்ரோ டெஸ்லால, அதாவது டெஸ்லால பத்து லட்சத்துல ஒரு பங்குல எடுத்தா, நேர் வயருக்கு 20 × ஆம்பியர் ÷ சென்டிமீட்டர். காயில் மையத்துக்கு 62.8 × சுத்து × ஆம்பியர் ÷ ஆரம் சென்டிமீட்டர்ல. குழாய் மாதிரி நீளமா சுத்துன காயில், அதாவது சோலனாய்டுக்கு உள்ள 125.7 × சுத்து × ஆம்பியர் ÷ மொத்த நீளம் சென்டிமீட்டர்ல. இந்த மூணு நம்பரையும் மனசுல வச்சுக்கிட்டா பத்தின் அடுக்குல தடுமாறவே வேணாம், விடை பத்து மடங்கு இடிச்சாலும் உடனே கண்ல பட்டுரும்.

அந்தக் கணக்கைப் போடலாம். எங்க வீட்டு ஆத்தங்குடி கல்லுத் தரையையே கிராஃப் பேப்பரா வச்சு சாக்பீஸால வரைஞ்சோம், கல்லோட ஓரம் வடக்கு தெற்கா நேரா ஓடுறது ரொம்ப வசதி. நடுவுல ஒரு புள்ளி, அங்க தான் புலம் வேணும். அதுக்கு மேற்க 3 சென்டிமீட்டர் தள்ளி ஒரு வயர், தரையைக் குத்திக்கிட்டு மேல வருது, 9 ஆம்பியர். புள்ளிக்கு தெற்க 4 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு வயர், அதுவும் மேல வருது, 16 ஆம்பியர்.

ஒரு நேரத்துல ஒரு வயர் தான். மத்ததை இல்லன்னே நினைச்சுக்கணும், இது தான் முறையோட உயிர். மேற்கு வயரை எடுங்க, கட்டைவிரல் வானத்தைப் பார்க்க புடிச்சா விரல்கள் கடிகாரத்துக்கு எதிரா சுத்தும், வயருக்குக் கிழக்க இருக்குற நம்ம புள்ளில அது வடக்கு நோக்கிப் போகும். அளவு 20 × 9 ÷ 3 = 60. இப்ப அதை மறந்துட்டு தெற்கு வயர், நம்ம புள்ளி அதுக்கு வடக்க இருக்கு, அதே எதிர்ச்சுத்து அங்க மேற்கு நோக்கிப் போகும். அளவு 20 × 16 ÷ 4 = 80. வடக்கே 60, மேற்கே 80. ரெண்டும் செங்குத்து, பிதாகரஸ் போட்டா 100. வடக்குலேர்ந்து மேற்குப் பக்கமா 53 டிகிரி சாய்ஞ்சிருக்கும்.

இங்க எல்லாரும் விடுற தப்பு என்னன்னா புள்ளிலேர்ந்து வயரைப் பார்த்து கோடு போட்டு அது மேலயே அம்பைப் போட்டுர்றது. புலம் வயரை நோக்கிப் போகாது, வயரை விட்டு விலகியும் போகாது, அந்தக் கோட்டுக்குக் குறுக்க தான் போகும். கோட்டைப் போடுங்க, அதுக்கு 90 டிகிரில அம்பைப் போடுங்க.

"தெற்கு வயரைத் திருப்பி விட்டா மாமா?"ன்னு கேட்டுச்சு. அப்ப மேற்கே இருந்த 80 கிழக்கே 80 ஆகிரும், ஆனா மொத்தம் அதே 100 தான், திசை மட்டும் வடகிழக்குப் பக்கம் போயிரும். செங்குத்தா இருக்குறதால ஒண்ணைத் திருப்புனாலும் அளவு மாறல. ஆனா ரெண்டு அம்பும் ஒரே கோட்டுல இருந்தா ஒண்ணைத் திருப்புனா 140, 20 ஆயிரும். செங்குத்தும் இல்லாம ஒரே கோடும் இல்லாம 37, 60 டிகிரின்னு இருந்தா ஒவ்வொரு அம்பையும் கிழக்கு-மேற்கு பங்கு, வடக்கு-தெற்கு பங்குன்னு பிரிச்சு, பங்கைத் தனித்தனியாக் கூட்டி, கடைசில ஒரே ஒரு தடவை பிதாகரஸ். நடுவுல ரெண்டு ரெண்டாச் சேர்க்காதீங்க, கோணம் குழம்பிரும்.

புக்குல இருக்காத ஒண்ணையும் சேர்த்துப் பார்க்கணும், பூமி. நம்ம காரைக்குடிப் பக்கம் பூமியோட புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. காந்த நடுக்கோடு, அதாவது பூமியோட புலம் தரைக்குப் படுக்கையா ஓடுற கோடு, திருநெல்வேலிக்கு ரொம்பப் பக்கத்துல போறதால நம்ம ஊர்ல அது கிட்டத்தட்ட படுக்கை வசமா வடக்கு நோக்கியே இருக்கும். அப்ப அந்தப் புள்ளில நிஜமா ஒரு திசைகாட்டி வச்சா வடக்கே 60 + 40 = 100, மேற்கே 80, மொத்தம் 128, முள்ளு 53 டிகிரி காட்டாது, 39 டிகிரி கிட்டத் தான் சாயும். கணக்கு சரி முள்ளு தப்புன்னு சண்டை போடாதீங்க, முள்ளு மொத்தத்தைத் தான் காட்டும்.

ரெண்டு இணையான வயர், புலம் சைபர் ஆகுற இடம் எங்கன்னு ஒரு கேள்வி அடிக்கடி வரும். கரண்ட் ரெண்டும் ஒரே பக்கம் போனா வயருக்கு நடுவுல தான் புலம் எதிரெதிர், அதனால சைபர் நடுவுல, கம்மி கரண்ட் வயருக்குப் பக்கத்துல. 3 ஆம்பியர், 5 ஆம்பியர், இடைவெளி 8 சென்டிமீட்டர்னா 3 ஆம்பியர் வயர்லேர்ந்து 3 சென்டிமீட்டர். எதிரெதிர் பக்கம் போனா நடுவுல ரெண்டும் கூடிக்கும், அங்க தேடவே வேணாம், வெளில, கம்மி கரண்ட் வயரைத் தாண்டி இருக்கும். 3 ÷ தூரம் = 5 ÷ (தூரம் + 8), போட்டா 12 சென்டிமீட்டர்.

இந்த எதிரெதிர் ஜோடி நம்ம ஊர் பழைய வீடுகள்ல மரக் கேசிங்குள்ள அப்படியே ஓடும், ஒரு காடில பேஸ், பக்கத்துக் காடில நியூட்ரல். 2 சென்டிமீட்டர் இடைவெளி, 10 ஆம்பியர்னு வச்சுக்குங்க. ரெண்டுக்கும் நட்ட நடுவுல ஒவ்வொண்ணும் 200, ஒரே திசை, மொத்தம் 400. அதே வரிசைல வெளில வந்து, கிட்ட இருக்குற வயர்லேர்ந்து 9, தள்ளி இருக்குறதுலேர்ந்து 11 சென்டிமீட்டர்ல நின்னா 22.2-ல 18.2 போக 4 தான். ஒரு மீட்டர் தள்ளுனா 0.04, ஒத்தை வயரா இருந்திருந்தா அங்க 2 இருந்திருக்கும். ஒத்தை வயர்னா தூரம் ரெண்டு மடங்கானா புலம் பாதி, ஜோடின்னா, இடைவெளியை விட ரொம்பத் தள்ளி இருக்குறப்ப, கால்வாசி. ஏசி-ல கரண்ட் செகண்டுக்கு 100 தடவை திரும்பும்னாலும் ரெண்டு வயரும் சேர்ந்தே திரும்புறதால இந்தக் கழித்தல் எந்த நொடியும் மாறாது.

இப்ப காயில். வட்டத்துல எனக்குப் புடிச்ச உதாரணம் கைமுறுக்கு. ஒரே கம்பியை முறுக்கு மாதிரி ஒரே தளத்துல நாலு சுத்து சுத்திருக்கு, ஆரம் 2, 3, 4, 5 சென்டிமீட்டர், 1 ஆம்பியர். பசங்க சராசரி ஆரம் 3.5-ன்னு எடுத்து 4 சுத்துன்னு போட்டுருவாங்க, 71.8 வரும். தப்பு. ஒவ்வொரு சுத்தா எடுங்க, 31.4 + 20.9 + 15.7 + 12.6, மொத்தம் 80.6. உள்சுத்து சின்னதா இருந்தாலும் அதோட பங்கு தான் பெருசு, சராசரி அதை முழுங்கிருது.

முழு வட்டம் இல்லாம வில்லா இருந்தா, எத்தனை டிகிரியோ அதை 360-ஆல வகுத்து முழு வட்டத்தோட புலத்துல அவ்வளவு பங்கு. புலம் வேணுங்குற புள்ளி வழியாவே நீளுற நேர்த்துண்டு இருந்தா அது சைபர், கண்ணை மூடிக்கிட்டு அடிச்சிருங்க, பாதிக் கேள்வில அந்தத் துண்டு மிரட்டுறதுக்குத் தான் வச்சிருப்பாங்க. ஒரே மையம், உள் அரைவட்டம் 4 சென்டிமீட்டர், வெளி அரைவட்டம் 6 சென்டிமீட்டர், 6 ஆம்பியர். ரெண்டு அரைவட்டமும் ஒரே பக்கம் இருந்து முனைகளை நேர்த்துண்டு சேர்க்குதுன்னா கரண்ட் ஒண்ணுல இப்படியும் இன்னொண்ணுல அப்படியும் சுத்தும், 47.1-ல 31.4 போக 15.7. ஒண்ணு மேல் பாதி, ஒண்ணு கீழ் பாதின்னா ரெண்டும் ஒரே சுத்து, 78.5. படத்துல கரண்ட் அம்பை விரலால முழுசா ஒரு சுத்து ஓட்டிப் பார்க்காம கூட்டலா கழித்தலான்னு முடிவு பண்ணாதீங்க.

நேர் வயர் நடுவுல ஒரு வட்டம் போட்டுட்டு அப்படியே போகுதுன்னு ஒரு கேள்வி வரும். 10 ஆம்பியர், ஆரம் 5 சென்டிமீட்டர். வட்டம் தர்றது 125.7, நேர் வயர் தர்றது 40. ரெண்டும் ஒரே தளத்துல இருந்தா சுத்துற பக்கத்தைப் பொறுத்து 165.7 இல்லன்னா 85.7. அதே வட்டத்தை முறுக்கித் திருப்பி வயருக்குச் செங்குத்தான தளத்துல நிறுத்துனா வட்டத்தோட புலம் வயர் போற பக்கம், வயரோட புலம் அதுக்குக் குறுக்க, அதனால பிதாகரஸ், 131.9. ஒரே கம்பி, ஒரே கரண்ட், மூணு விடை.

சதுரமா வளைச்ச கம்பிக்கு, ஒரு பக்கத்தோட பங்கை 10 × ஆம்பியர் ÷ தூரம், அதோட ரெண்டு முனைக் கோணத்தோட (புள்ளிலேர்ந்து பக்கத்துக்குப் போடுற செங்குத்துலேர்ந்து முனை வரைக்கும்) சைன் கூட்டுத்தொகையைப் பெருக்கணும். மையத்துல ரெண்டும் 45 டிகிரி, நாலு பக்கமும் ஒரே திசைல கூடும். 10 சென்டிமீட்டர் சதுரம், 1 ஆம்பியர்னா 11.3. சரி பார்க்க ஒரு வழி, சதுரத்துக்கு உள்ள தொடுற வட்டம் 12.6 தரும், வெளில சுத்துற வட்டம் 8.9 தரும், நம்ம விடை ரெண்டுக்கும் நடுவுல விழணும். விழலன்னா எங்கயோ ஓட்டை.

காயிலுக்கு வெளில, அச்சுல தள்ளி இருக்குற புள்ளின்னா மைய விடையை எடுத்து, ஆரத்தை காயில் கம்பிலேர்ந்து புள்ளிக்கு உள்ள சாய்வு தூரத்தால வகுத்து, வர்ற எண்ணால அந்த மைய விடையை மூணு தடவை பெருக்குங்க. பாதி ஆரம் தள்ளுனா மைய விடைல 0.716 பங்கு, ஒரு முழு ஆரம் தள்ளுனா 0.354. இதுலேர்ந்து தான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஜோடி வருது, ஒரே மாதிரி ரெண்டு காயிலை ஒரு ஆரம் இடைவெளில வச்சா நட்ட நடுப்புள்ளி ஒவ்வொண்ணுக்கும் பாதி ஆரம். 50 சுத்து, 10 சென்டிமீட்டர் ஆரம், அரை ஆம்பியர்னா ஒண்ணோட மையத்துல 157, நடுவுல ஒவ்வொண்ணும் 112 சொச்சம், மொத்தம் 225. ஒண்ணோட கனெக்‌ஷனை மாத்திட்டா நடுவுல சைபர். சோலனாய்டுல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வைங்க, ஓரத்துல புலம் பாதி தான்.

நாங்க இதைக் கையால செஞ்சும் பார்த்தோம். 8 சென்டிமீட்டர் ஆரம் வர்ற பித்தளைச் செம்பு மேல வைண்டிங் கம்பியை 5 சுத்து சுத்தி, செம்பை உருவிட்டு நூலால கட்டினேன். தகர டப்பால சுத்தி அப்படியே விட்டுறாதீங்க, அது இரும்பு. வண்டி பேட்டரி 12 வோல்ட், கூட வரிசைல ஒரு 10 வாட் இண்டிகேட்டர் பல்பு, அப்ப 0.83 ஆம்பியர் ஓடும். கண்டிப்பா வீட்டு கரண்ட் கூடாது, ஆள் போயிரும், அதோட ஏசி-க்கு முள்ளும் அசையாது. காயிலை வடக்கு தெற்கா நிக்க வச்சு நடுவுல திசைகாட்டி. காயில் புலம் 62.8 × 5 × 0.83 ÷ 8, அதாவது 32.6 கிழக்கு மேற்கா, பூமி 40 வடக்கே, 32.6-ஐ 40-ஆல வகுத்து டேன் தலைகீழ் போட்டா 39 டிகிரி. டேஞ்சன்ட் கால்வனோமீட்டர்னு லேப்ல பிரமாதமா வச்சிருக்குறது இதே தான்.

முதல் தடவை எங்களுக்கு 25 தான் காட்டுச்சு. கம்பியை எண்ணுனோம், பேட்டரியைப் பார்த்தோம், அக்கா மக என்னைப் பார்த்த பார்வைய சொல்ல முடியாது. அப்புறம் தான் உறைச்சுது, நாங்க உக்காந்திருந்தது முகப்புல, பக்கத்துல வார்ப்பிரும்புத் தூண். பட்டாலைக்கு, தேக்குத் தூண் இருக்குற பக்கம் தள்ளி வந்து வச்சோம், முள்ளு 40-ஐ ஒட்டி நின்னுச்சு. கரண்டை எதிர்ப் பக்கம் திருப்பி மறுபடி பார்த்து ரெண்டுக்கும் சராசரி எடுத்தா இன்னும் ஒழுங்கா வரும். போன்ல காந்தப்புலம் அளக்குற ஆப் இருந்தா கரண்ட் விடாமயே இடத்தை சோதிங்க, 40 பக்கம் காட்டுதான்னு, தூணுகிட்ட போனா அது ஆடுறதே வேடிக்கை.

இரும்பு உள்ள வந்துட்டா இந்த 20, 62.8 எல்லாம் செல்லாது, புலம் பல மடங்கு ஏறும், ஒரு அளவுக்கு மேல இரும்பு நிறைஞ்சு நின்னுரும். ஆனா அம்பைக் கூட்டுற முறை நிறையுற வரைக்கும் ஓரளவு செல்லும், எங்க பொழப்பே அதுல தான் ஓடுது. த்ரீ பேஸ் மோட்டார்ல மூணு காயில் கூட்டம், 120 டிகிரி தள்ளித் தள்ளி. முதல் பேஸ் உச்சத்துல இருக்குற நொடில மத்த ரெண்டும் மைனஸ் அரை. மைனஸ்னா அம்பைத் திருப்புங்க, ரெண்டும் முதல் அம்புக்கு ரெண்டு பக்கமும் 60 டிகிரில அரை அரை நீளத்துல நிக்கும், பக்கவாட்டுப் பங்கு அடிச்சுக்கும், நேர்ப் பங்கு கால் கால், மொத்தம் 1.5. அடுத்த நொடி போட்டாலும் 1.5 தான், திசை மட்டும் சுத்திக்கிட்டே போகும். ஒரு பேஸோட முனையை மாத்திக் குடுத்துட்டா அது 1.5-க்கும் அரைக்கும் நடுவுல ஏறி இறங்கும், மோட்டார் உறுமும், சூடாகும், லோடு இழுக்காது.

அக்கா மகளைக் கடைக்குக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். கம்பி சுத்தி முடிச்ச ஸ்டேட்டர்ல, அதாவது மோட்டாரோட சுத்தாத வெளிப்பகுதில, வோல்ட்டைக் கம்மியா வச்சு உள்ள ஒரு பேரிங் குண்டைப் போட்டேன், நம்ம தம்பி வேணும்னே ஒரு முனையை மாத்தி வச்சிருந்தான். குண்டு கொஞ்சம் ஓடுச்சு, நடுங்குச்சு, திக்கித் திக்கி நின்னுச்சு. அக்கா மக நோட்டை விரிச்சு மூணு அம்பு போட்டு, மூணாவது அம்பு மேல பேனாவை வச்சு, "இது தானே மாமா திரும்பியிருக்கு?"ன்னுச்சு. முனையை மாத்திக் குடுத்தோம், குண்டு ஸ்டேட்டர் சுவரை ஒட்டி கிர்ருன்னு சுத்த ஆரம்பிச்சுது.